நிரல் ஓடும், பூட்டுதான் ஓடாது

பழைய டி.டி.பி. சென்டர்களுக்குப் போய்ப் பழக்கமிருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் புதுக் கணினிகள் இருக்கும். மூலையில் மட்டும் மஞ்சள் பூத்துப்போன ஒரு சி.பி.யூ., அதில் விண்டோஸ் எக்ஸ்.பி., இன்டர்நெட் இணைப்பு கிடையாது. பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை செருகியிருக்கும். அதில்தான் அந்தக் கடையின் தமிழ் எழுத்துருக்களும் கீபோர்டு மென்பொருளும் உயிர் வாழ்கின்றன. "இதையும் புதுசுக்கு மாத்திடலாமே?" என்று கேட்டால், "லாக் எடுக்காது சார்" என்பார்கள். ஹார்டுவேர் லாக், டாங்கிள், வெறும் லாக் என்று எப்படிச் சொன்னாலும் பொருள் அந்தக் கட்டைதான். நிரலை நகலெடுத்து வேறு கணினியில் ஓட்டாமல் தடுக்கும் பூட்டு அது.

மென்பொருள் பழசானதால்தான் இந்தச் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியல்ல. விண்டோஸ் 95 காலத்து 32 பிட் நிரல்களில் பல இன்றைய விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரையே பாருங்கள். 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அடோபி அதைக் கைவிட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நம்மூர் அச்சகங்களில் அது இன்னும் சாகவில்லை. ஆபரேட்டரின் கைப்பழக்கம் ஒரு காரணம், பழைய எழுத்துருக்களோடு அது ஒத்துப்போவது இன்னொன்று. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. பேஜ்மேக்கர் கேட்டதெல்லாம் ஒரு சீரியல் எண் மட்டும்தான். அடோபி இணையம் வழியாக 'ஆக்டிவேஷன்' கேட்கத் தொடங்கியது 2003-ல், போட்டோஷாப் சி.எஸ். பதிப்போடு. அதற்குள் பேஜ்மேக்கரின் கதை முடிந்திருந்தது. பூட்டில்லாத நிரல் தப்பித்தது, அதே மேசையில் பூட்டோடு வந்த நிரல் மாட்டிக்கொண்டது.

ஏன் பூட்டு மட்டும் முதலில் உடைகிறது? செய்தவர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. நகல் தடுப்பு என்ற வேலையின் இயல்பே அப்படி.

பழைய நிரல் புதுக் கணினியில் ஓடுவது ஒரு வாக்குறுதியின் பேரில் நடக்கிறது. கோப்பைத் திற, எழுத்தைத் திரையில் காட்டு, அச்சடி என்று நிரல் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் குறிப்பிட்ட முறையில் கேட்கும். அந்த முறையை மாற்றமாட்டோம் என்பதுதான் வாக்குறுதி. அதற்குக் கீழே டிஸ்க் மாறலாம், பிராசஸர் மாறலாம், பிரிண்டர் மாறலாம், நிரலுக்குக் கவலையில்லை. பூட்டு இந்த ராஜபாட்டையில் போக முடியாது. முறைப்படி படிக்க முடிகிற எதையும் முறைப்படி நகலெடுத்துவிடலாம், டாஸில் ஒரு காப்பி கட்டளை போதும். ஆகவே யாரும் எந்த வாக்கும் கொடுக்காத ஒரு சந்துக்குள் பூட்டை வைக்கவேண்டியிருந்தது. டிஸ்கின் ஒரு குறை, போர்ட்டின் ஒரு குணம், பிராசஸரின் ஒரு அடையாளம் என்று அந்தக் கணினியின் தனிப்பட்ட சுபாவத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது நிற்கும். புதுக் கணினி வரும்போது முதலில் மாறுவதும் இந்தச் சுபாவங்கள்தான்.

ஃபிளாப்பி காலத்தில் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருளை வாங்கியவர் அதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிய பிறகும், திறக்கும்போதெல்லாம் மூல ஃபிளாப்பியை ஏ டிரைவில் போடவேண்டியிருந்தது. 'கீ டிஸ்க்' என்று பெயர். வால்ட் என்ற அமெரிக்க நிறுவனம் புரோலாக் என்ற ஃபிளாப்பிகளை விற்றது. அவற்றின் காந்தப் பரப்பில் அழிக்கவோ மாற்றவோ முடியாத ஒரு சிறு தழும்பு இருக்கும். நிரல் ஓடத் தொடங்குமுன் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். இல்லையென்றால் அது நகல். கனடாவின் குவைட் என்ற நிறுவனம், தழும்பு இருப்பதுபோல நிரலை நம்பவைக்கும் காப்பிரைட் என்ற கருவியை விற்றது. (பெயரில் சிலேடை. பதிப்புரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போலவே ஒலிக்கும், ஆனால் எழுதும்போது பின்பாதி 'எழுது' என்கிற பொருள் தரும் 'write'.) வால்ட் வழக்குப் போட்டு 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, அதற்கு உதவும் கருவியைத் தவறென்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

வழக்கு முடிவதற்குள் கணினி மாறிவிட்டது. 1987-ல் ஐ.பி.எம்., பி.எஸ்/2 வரிசையில் 3.5 அங்குல டிரைவுக்குத் தாவியது. 5.25 அங்குல மூல டிஸ்கை இனி எங்கே நுழைப்பது? சாதாரண நிரலைச் சின்ன டிஸ்குக்கு நகலெடுத்துக்கொண்டு போய்விடலாம். பூட்டுப் போட்ட நிரலின் தழும்பு பெரிய டிஸ்கோடு அங்கேயே நின்றுவிடும். ஹார்ட் டிஸ்கில் குடியேறிய பூட்டுகள் வேறு வகைத் தொல்லை தந்தன. உரிமக் கோப்பு டிஸ்கின் எந்த இடத்தில் எழுதப்பட்டதோ அதே இடத்தில் இருக்கிறதா என்று சில நிரல்கள் பார்க்கும். டிஸ்கை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் மென்பொருள் அதை நகர்த்திவிட்டால் கதை முடிந்தது, காசு கொடுத்து வாங்கிய நிரலே உங்களைத் திருடன் என்னும். அந்தக் காலத்து டிஃப்ராக் கருவிகள் மறைவுக் கோப்புகளைத் தொடாமல் ஒதுங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அபத்தம் 1985-ல் பிரிட்டனில் நடந்தது. லென்ஸ்லாக் என்று ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். திரையில் துண்டு துண்டாகக் கலைந்து தெரியும் இரண்டு எழுத்துகளை அதன் வழியாகப் பார்த்துப் படித்துத் தட்டச்சு செய்தால்தான் விளையாட்டு தொடங்கும். ஸ்பெக்ட்ரம் கணினிக்கான எலைட் விளையாட்டோடு அது வந்தது. அன்று வீட்டுக் கணினிக்குத் திரை என்றால் வீட்டு டிவிதான். டிவி ரொம்பப் பெரிதாகவோ ரொம்பச் சிறிதாகவோ இருந்துவிட்டால் லென்ஸ் வேலை செய்யாது! போதாக்குறைக்குச் சில பெட்டிகளில் வேறு விளையாட்டுக்கான லென்ஸ் மாறிப் போயிருந்தது.

சரி, டாங்கிளுக்கு வருவோம். நம்மூரில் அதிகம் பேரைத் தொட்டது இந்த வகைதான். தமிழ் டி.டி.பி., எம்பிராய்டரி டிசைன், கட்டடப் பொறியியல் என்று விலை கூடிய, வாங்குபவர் குறைந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இது இருந்தது. இஸ்ரேலின் அலாடின் நிறுவனம் விற்ற ஹாஸ்ப், அமெரிக்காவின் ரெயின்போ விற்ற சென்டினல் ஆகிய இரண்டும்தான் பிரபலமான பெயர்கள். இரண்டும் பிறகு ஒரே நிறுவனத்தின் கைக்குள் வந்து, கைமாறிக் கைமாறி இப்போது பிரான்சின் தாலேஸிடம் இருக்கின்றன.

பிரிண்டர் போர்ட் டாங்கிள் கணினிக்கும் பிரிண்டர் கேபிளுக்கும் நடுவே உட்காரும். தனி மின்சாரம் கிடையாது, போர்ட்டின் கம்பிகளிலேயே கொஞ்சம் திருடிக்கொள்ளும். பிரிண்டருக்குப் போகவேண்டிய கம்பிகளில் நிரல் சில எண்களை அனுப்பும். 'தாள் தீர்ந்துவிட்டது', 'வேலையாக இருக்கிறேன்' என்று பிரிண்டர் பதில் சொல்லும் கம்பிகளில் டாங்கிள் தன் பதிலைச் சொல்லும். கேள்விக்குச் சரியான பதில் வந்தால் நிரல் திறக்கும். பிரிண்டர் இந்த ரகசியப் பேச்சைக் கவனிக்காமல் இருக்கவேண்டும், அது பாதி நேரம்தான் நடக்கும். டாங்கிள் மாட்டியபின் பிரிண்டர் கிறுக்குப் பிடித்தாற்போல் நடப்பது அன்று சகஜம்.

டாஸிலும் விண்டோஸ் 98-லும் ஒரு நிரல் போர்ட்டை நேரடியாகத் தொட முடியும். விண்டோஸ் என்.டி. வழியில் வந்த 2000, எக்ஸ்.பி. இரண்டும் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் உட்கார்ந்து போர்ட்டோடு பேசும் டிரைவர் என்ற துணை நிரல் ஒன்று தேவைப்பட்டது. அங்கே ஆரம்பித்தது வினை. சாதாரண நிரலுக்குக் கிடைக்கும் வாக்குறுதி டிரைவருக்குக் கிடையாது. 32 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடும். 32 பிட் டிரைவர் ஓடவே ஓடாது. விஸ்டாவின் 64 பிட் பதிப்பு முதல் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்தும் கட்டாயமானது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். ஆக நிரல் ஓடத் தயாராக நிற்கும், அதன் வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே நிற்பான். கம்பெனி மூடிப்போயிருந்தால் புது டிரைவர் எழுதித்தர ஆளில்லை. கம்பெனி இருந்தாலும், பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்புக்கு டிரைவர் எழுதுவதைவிடப் புதுப் பதிப்பை விற்பதில்தான் அதற்கு ஆர்வம் இருக்கும்.

யூ.எஸ்.பி.-யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை வாங்கினேன், மேசை டிராயரில் தூங்குகிறது. அந்தக் கேபிள் விண்டோஸிடம் தன்னை ஒரு யூ.எஸ்.பி. பிரிண்டர் என்றுதான் சொல்லிக்கொள்ளும். பிரிண்டருக்கு அது போதும். டாங்கிள் தேடுவதோ உண்மையான போர்ட்டை. பழைய நிரல்களில் பல, 378 என்ற பதினாறடிமான முகவரியில் கதவைத் தட்டிப் பார்க்கும். அந்த முகவரியில் வீடே இல்லை. உள்ளே செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு உண்மையான போர்ட்டைத் தரும், ஆனால் முகவரி பெரும்பாலும் வேறாக இருக்கும். நிரலில் முகவரியை மாற்றிச் சொல்ல வழியிருந்தால் பிழைத்தோம்.

பின்னாளில் வந்த யூ.எஸ்.பி. டாங்கிள்களில் சில, கீபோர்டும் மவுஸும் பயன்படுத்தும் அதே பொதுவான வழியில் கணினியோடு பேசுகின்றன. தனி டிரைவர் வேண்டாம். விண்டோஸ் மாறினாலும் அவை அசராமல் வேலை செய்கின்றன. ராஜபாட்டைக்குத் திரும்பிய பூட்டு, அவ்வளவுதான். ரகசியத்தை வழியில் ஒளிக்காமல் டாங்கிளுக்குள் இருக்கும் சிப்பில் ஒளித்தார்கள்.

சிடி காலத்தின் கதாநாயகன் சேஃப்டிஸ்க். 1998-ல் வந்தது, பிறகு மாக்ரோவிஷன் நிறுவனத்தின் பெயரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. தி சிம்ஸ், பேட்டில்ஃபீல்ட் 1942 போன்ற விளையாட்டுகளின் சிடிகளில் வேண்டுமென்றே கெட்டுப்போன செக்டர்கள் இருக்கும். சிடி டிரைவ் அவற்றைப் படிக்கமுடியாமல் திணறும், அந்தத் திணறல்தான் 'இது அசல்' என்பதற்குச் சாட்சி. நகலெடுக்கும் மென்பொருள் ஒன்று அங்கேயே நின்றுவிடும், அல்லது பிழையைத் திருத்திச் சுத்தமான நகல் எடுக்கும். சுத்தமாக இருந்தால் போலி! இந்தச் சோதனையைச் செய்ய ஒரு டிரைவர் வேண்டும். விளையாட்டுகள் தடையின்றி ஓடட்டும் என்று மைக்ரோசாஃப்டே அந்த டிரைவரை எக்ஸ்.பி.-க்குள் சேர்த்து அனுப்பியது.

2007-ல் அந்த டிரைவரில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. கணினியில் சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர் அதன் வழியே முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம். அதைப் பயன்படுத்தித் தாக்குதல்களும் நடந்தன. அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒட்டுப்போட்டது. வாழ்நாளில் ஒரு விளையாட்டுக்கூட வாங்காத அலுவலகக் கணினிகளுக்கும் இந்த ஆபத்து இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவர் இல்லை. அதே செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய சிடிகள் ஒரே செவ்வாய்க்கிழமையில் அலமாரிப் பொருளாகிவிட்டன. மைக்ரோசாஃப்ட் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். கதவில் ஓட்டை இருந்தால் அடைக்கத்தான் வேண்டும். அந்த ஓட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தது பூட்டு என்பதுதான் வேடிக்கை.

நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் அந்தக் காலத்து விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருந்ததே தெரியாது. அங்கே ஓடியதெல்லாம் பூட்டை அறுத்தெடுத்த 'கிராக்' பதிப்புகள், அவை பல விண்டோஸ் 10-லும் ஓடின. இதைவிடச் சுவையானது 2008-ல் நடந்தது. ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 விளையாட்டை டிஜிட்டலாக வாங்கியவர்களிடம் சிடி இல்லை, ஆனால் புது அப்டேட்டுக்குப் பின் விளையாட்டு சிடி கேட்டது. யுபிசாஃப்ட் ஒரு திருத்தக் கோப்பை வெளியிட்டது. பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம், அது ரீலோடட் என்ற திருட்டுக் குழு உருவாக்கிய கிராக்கேதான்.

அப்புறம் பூட்டு இணையத்துக்குக் குடிபோனது. கணினியின் சுபாவத்தை நம்பவேண்டாம், கம்பெனியின் சர்வரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று. இதில் கணினி மாறுவது மட்டும் சிக்கலில்லை, மறுமுனையில் இருப்பவர் போனை எடுக்கவேண்டும். 2005-ல் வந்த அடோபி சி.எஸ்.2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வர்கள் 2012 இறுதியில் நிறுத்தப்பட்டன. அடோபி நாகரிகமாகவே நடந்துகொண்டது. ஆக்டிவேஷன் கேட்காத பதிப்புகளைச் சீரியல் எண்களோடு தளத்தில் வைத்தது. போட்டோஷாப் இலவசம் என்று உலகமே பாய்ந்து இறக்கிக்கொண்டது. 'ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும்' என்று 2013 ஜனவரியில் அடோபி விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று.

கணினியின் சுபாவத்தைப் பிடிக்கும் பழக்கமும் முற்றிலும் போய்விடவில்லை. 2021 நவம்பரில் இன்டெல் தன் 12-ஆம் தலைமுறை பிராசஸர்களை வெளியிட்டது. ஒரே சில்லில் வேகமான கோர்கள் சில, சிக்கனமான கோர்கள் சில. வேலைக்கேற்ப நிரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இதைப் பார்த்த சில நகல் தடுப்பு மென்பொருள்கள், விளையாட்டு பாதியில் வேறு கணினிக்கு மாறிவிட்டது என்று முடிவுகட்டி அதை நிறுத்தின. பாதிக்கப்பட்ட விளையாட்டுகள் என்று இன்டெல் வெளியிட்ட பட்டியலில் 50-க்கு மேல் இருந்தன. தற்காலிக மருந்து என்ன தெரியுமா? பயாஸில் ஒரு அமைப்பை இயக்கிவிட்டு, விளையாடும்போது கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்தவேண்டும். சிக்கனக் கோர்கள் தூங்கப்போய்விடும். எதற்கென்றே தெரியாமல் கீபோர்டில் கிடந்த அந்த விசைக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது. சில மாதங்களில் அந்த விளையாட்டுகளைத் திருத்திவிட்டார்கள். கம்பெனிகள் உயிரோடு இருந்ததால் திருத்த முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூட்டை உடைப்பதே குற்றம், ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகள் அறிவிக்கப்படும். 2003-ல் வந்த விலக்குகளில் டாங்கிளுக்கென்றே ஒன்று இருந்தது. டாங்கிள் பழுதாகி, மாற்று டாங்கிளும் சந்தையில் இல்லையென்றால் பூட்டைத் தாண்டலாம். 2006, 2010 சுற்றுகளிலும் அது நீடித்தது, 2012 பட்டியலில் இல்லை. இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல் முக்கியமானது. முறைப்படி வாங்கியவர் அந்த நிரலை அது தரப்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காக நகலெடுப்பதையும், இழப்பு, சேதத்துக்கு எதிராகக் காப்புப் பிரதி வைத்துக்கொள்வதையும் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டாங்கிளைப் போலி செய்யும் எமுலேட்டர் கடைகளில் கிடைக்கிறதே, அது இதற்குள் வருமா என்பது வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய கேள்வி. அப்படி விற்கப்படுபவற்றோடு வைரஸும் சேர்ந்து வரும் என்பதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

ஆவணக் காப்பகங்கள் இரண்டு வழியில் போகின்றன. ஃபோர் ஏ.எம். (4am) என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர் ஆப்பிள் 2 கணினிக்கான ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரல்களின் பூட்டை நீக்கி இன்டர்நெட் ஆர்க்கைவில் வைத்திருக்கிறார். அன்றைய கிராக் குழுக்கள் விளையாட்டுகளை மட்டும் பார்த்தன, பள்ளிக்கூட மென்பொருள்களைச் சீண்டவில்லை, அவை அழியும் நிலையில் இருந்தன என்பது அவருடைய கவலை. இன்னொரு வழி, பூட்டைத் தொடாமல் ஃபிளாப்பியின் காந்த அலைகளை அப்படியே, குறைகளோடு சேர்த்துப் பதிவுசெய்து, பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரை அந்தக் குறைகளையும் நடிக்கவைப்பது.

மூலையில் இருக்கும் அந்த எக்ஸ்.பி. கணினிக்குச் சொந்தக்காரர் முதலில் கம்பெனியைக் கூப்பிட்டு, பழைய டாங்கிளுக்குப் பதில் யூ.எஸ்.பி. டாங்கிள் மாற்றித் தருவார்களா என்று கேட்கலாம். யூ.எஸ்.பி. டாங்கிள் கையில் இருந்தால், புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் 32 பிட் விண்டோஸை நிறுவி, டாங்கிளை அதற்குள் ஒப்படைப்பது பெரும்பாலும் பலிக்கும். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. டாங்கிளோடு வந்த தமிழ் எழுத்துருக்கள் பல யூனிகோடுக்கு முந்தைய தங்கள் சொந்தக் குறியீட்டில் எழுதுபவை. டாங்கிள் போனால் இருபது வருடக் கோப்புகள் திறக்கும், ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டிக்கிடக்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பரவலாகப் புழங்கிய குறியீடுகளை யூனிகோடாக மாற்றித் தருகின்றன. மாற்றியதில் கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க, அந்த மஞ்சள் சி.பி.யூ. இன்னும் கொஞ்ச நாள் ஓடவேண்டும்.